ஸ்ப்ளெண்டர் இன்ஜினை வீட்லயே இறக்கி கியர் பாக்ஸ் பிரிச்சு மாட்டறது எப்படி

மூணாவது கியர்ல நல்லா முறுக்கும்போது "டக்"னு கியர் தானா கழண்டு இன்ஜின் மட்டும் தனியா கத்துதா, இல்ல கியர் பாக்ஸ் உள்ள இருந்து அரைக்கற சத்தம் வருதா, அப்போ எந்த மெக்கானிக்கும் சொல்றது ஒண்ணுதான், இன்ஜின் இறக்கணும். அந்த வேலையை வீட்டு வாசல்லயோ போர்ட்டிகோலயோ வச்சு நிதானமா எப்படி செய்யறதுன்னு சொல்றேன். பழைய ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டரை வச்சுதான் சொல்லப்போறேன், 1994ல வந்த வண்டி, 97.2 சிசி, போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக் 49.5 மி.மீ., நாலு கியர். சிடி 100, பேஷன் எல்லாம் கிட்டத்தட்ட இதே குடும்பத்து இன்ஜின்தான், அதனால போல்ட் இடம் கொஞ்சம் மாறினாலும் முறை ஒண்ணுதான். ஸ்பேர் எங்கயும் கிடைக்கும், இன்ஜினும் ஒரு ஆள் தூக்கற அளவுதான், முதல் முறை இன்ஜின் பிரிச்சு கத்துக்கணும்னா இதை விட நல்ல வண்டி இல்லைன்னு நான் நினைக்கறேன்.

இந்த இன்ஜின்ல கிராங்க் கேஸ் இடது வலதுன்னு ரெண்டு பாதியா நடுவுல பிளந்து வரும். கியர் எல்லாம் அந்த ரெண்டு பாதிக்கும் நடுவுல உக்காந்திருக்கு. அதனால ஒரே ஒரு கியர் மாத்தணும்னாலும் ஹெட், சிலிண்டர், கிளட்ச், மேக்னெட் (கிராங்க் ஷாஃப்ட் முனைல சுத்தற காந்தச் சக்கரம்) எல்லாம் கழட்டிட்டுதான் உள்ள போக முடியும். இவ்ளோ வேலை இருக்கறதாலதான் சொல்றேன், பிரிக்கறதுக்கு முன்னாடி பிரச்சனை உள்ளதானா இருக்குன்னு உறுதி பண்ணிக்கோங்க.

முறுக்கினா சத்தம் ஏறுது ஆனா வேகம் ஏறல, கியர் கழண்டு வரலைன்னா அது கிளட்ச் ஸ்லிப், அதுக்கு வலது பக்க கவர் மட்டும் திறந்தா போதும், இன்ஜின் வண்டியிலயே இருக்கலாம். கேபிள்ல ப்ரீ பிளே, அதாவது கொஞ்சம் லூசு, இல்லாம டைட்டா வச்சிருந்தாலும் இதே மாதிரி ஸ்லிப் ஆகும், முதல்ல அதை பாருங்க. கிளம்பும்போது பின் பக்கம் "கடகட"ன்னு குதிச்சா செயின் ஸ்ப்ராக்கெட் பல் மேல ஏறி தாண்டுது. ஆக்ஸிலரேட்டர் விட்டு பிடிக்கும்போது மட்டும் ஒரு இடி இடிச்சா பின் வீல் டிரம்முக்குள்ள இருக்கற ரப்பர் நசுங்கிப் போயிருக்கும். இதெல்லாம் வெளியில முடியற வேலை. ஒரே ஒரு குறிப்பிட்ட கியர்ல மட்டும், அதுவும் லோடு விழும்போது மட்டும் கழண்டு வருதுன்னா அதுதான் உள்ள இருக்கற பிரச்சனை. அப்பவும் கியர் லிவர் ஷாஃப்ட்ல லூசா ஆடுதான்னு ஒரு தடவை பாத்துட்டு அப்புறம் ஸ்பேனரை எடுங்க.

டூல்ஸ் பெருசா ஒண்ணும் இல்ல. 8, 10, 12, 14, 17, 19 ரிங் ஸ்பேனர், அதே அளவுல டி ஸ்பேனர் இல்ல பாக்ஸ் செட், சர்க்கிளிப் (ஷாஃப்ட் காடில மாட்டற வளைய லாக்) எடுக்கற பிளையர், ரப்பர் சுத்தியல், மேக்னெட் புல்லர், அப்புறம் நாலு காடி வெட்டின வட்ட நட்டை கழட்டற சாக்கெட். இந்த புல்லரும் சாக்கெட்டும் டூ வீலர் ஸ்பேர் கடைலயே கிடைக்கும், சென்னைன்னா ஜி.பி. ரோட்ல கேளுங்க. இது ரெண்டும் கைல இல்லாம வேலையை ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க, உளி வச்சு தட்டி கழட்டிக்கலாம்னு சொல்றவங்க பேச்சை கேட்டா காடி சிதைஞ்சு நட்டும் போகும், ஷாஃப்ட் மரையும் போகும். பழைய மாடல் கவர்ல ஸ்டார் ஸ்க்ரூ இருந்தா இம்பாக்ட் டிரைவர் வேணும். ஜப்பான் டிசைன் ஸ்க்ரூ தலையோட காடி சாதா ஸ்டார் ஸ்க்ரூ டிரைவருக்கு சரியா பொருந்தாது, வழுக்கி தலை வட்டமா போயிடும். முறுக்கற அளவைக் காட்டற டார்க் ரென்ச் இருந்தா ரொம்ப நல்லது. பேக்கிங் செட் முழுசா, ஆயில் சீல் செட், ஓ ரிங், புது சர்க்கிளிப் எல்லாம் முன்னாடியே வாங்கி வச்சிடுங்க. கியர், பேரிங் மட்டும் பிரிச்சு பாத்துட்டு வாங்கினா போதும்.

இடம் விஷயத்துல ரெண்டு சொல்லணும். பெட்ரோல் டேங்கை கழட்டி காத்தோட்டமான இடத்துல, சமையலறை, பூஜை விளக்கு பக்கம் போகாத மாதிரி வைங்க. பார்ட்ஸ் கழுவ பெட்ரோல் யூஸ் பண்ணாதீங்க, டீசலோ மண்ணெண்ணெயோ போதும். சின்ன குழந்தை இருக்கற வீடுன்னா ராத்திரி எல்லாத்தையும் மூடி உயரத்துல வச்சிடுங்க, ஒரு சின்ன வாஷர் உருண்டு போனா கூட வேலை மொத்தமா நின்னுடும்.

பிரிக்க ஆரம்பிக்கும்போதே போட்டோ எடுக்க ஆரம்பிங்க, ஒவ்வொரு ஒயர், ஒவ்வொரு கேபிள் எந்த பக்கமா போகுதுன்னு. கவர் போல்ட் எல்லாம் ஒரே நீளம் இல்ல, நீளமான போல்டை குட்டி ஓட்டைல போட்டு முறுக்கினா கேஸே விட்டுடும். அதனால ஒரு அட்டைல கவர் வடிவத்தை வரைஞ்சு, எந்த இடத்துல இருந்து எந்த போல்ட் வந்துச்சோ அதே இடத்துல குத்தி வைங்க. இடது கவர், வலது கவர், கிராங்க் கேஸ்னு தனித்தனி அட்டை. மூளைல ஞாபகம் வச்சுக்கலாம்னு நினைக்காதீங்க, ஸ்பேர் வர ஒரு வாரம் ஆச்சுன்னா எல்லாம் மறந்துடும்.

இப்போ கழட்டற வரிசை. வண்டியை நல்லா கழுவி சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜின் கொஞ்சம் சூடா இருக்கும்போதே கீழ இருக்கற டிரெயின் போல்டை கழட்டி ஆயிலை வடிங்க. வடியற ஆயிலை கவனிச்சு பாருங்க, வெள்ளித் தூள் மாதிரி மினுமினுன்னு கொஞ்சம் இருந்தா அது தேய்மானம், ஆனா கைல எடுக்கற அளவுக்கு இரும்புத் துண்டு வந்தா பல் உடைஞ்சிருக்குன்னு அர்த்தம், அந்த துண்டு எந்த கியர்லருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிக்கற வரைக்கும் மூடக்கூடாது. பேட்டரில முதல்ல நெகட்டிவ் கழட்டுங்க. அப்புறம் சைடு கவர், சீட், டேங்க், சைலன்சர், கார்புரேட்டர், ஆக்ஸிலரேட்டர் கேபிளை கார்புரேட்டரோட சேர்த்தே மேல ஒதுக்கி கட்டிடலாம். கிளட்ச் கேபிள், பிளக் ஒயர், மேக்னெட் ஒயர் சாக்கெட், கிக்கர், கியர் லிவர், புட்ரெஸ்ட்.

இந்த இடத்துல அவசரப்பட்டு இன்ஜினை இறக்கிடாதீங்க. டைட்டான நட்டு எல்லாத்தையும் இன்ஜின் வண்டியில இருக்கும்போதே லூஸ் பண்ணிடணும். கீழ இறக்கிட்டா இன்ஜினை பிடிச்சுக்க ஆள் வேணும், பிடிச்சாலும் உருளும். வலது கவரையும் இடது கவரையும் கழட்டிட்டு, செயின் மாட்டி இருக்கும்போதே டாப் கியர் போட்டு, கூட இருக்கறவரை பின் பிரேக்கை நல்லா அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்க. இப்போ வீல் சுத்தாது, அதனால கியர், கிளட்ச் வழியா கிராங்கும் சுத்தாது. இந்த நிலைல இடது பக்கம் மேக்னெட் நட்டு, வலது பக்கம் ஆயில் பில்டர் ரோட்டரோட காடி நட்டு ரெண்டையும் லூஸ் பண்ணுங்க. இது கிளட்ச் ஸ்பிரிங் போல்ட்ல கை வைக்கறதுக்கு முன்னாடி நடக்கணும், ஸ்பிரிங் போயிட்டா கிளட்ச் பிடிக்காது, கிராங்க் சும்மா சுத்தும். அப்புறம் ஸ்பிரிங் போல்டை கொஞ்சம் கொஞ்சமா குறுக்கு வாட்டத்துல லூஸ் பண்ணி எடுத்துட்டு, கிளட்ச் நடுவுல இருக்கறதை கழட்டுங்க, மாடலைப் பொறுத்து காடி நட்டா இருக்கும், இல்ல சர்க்கிளிப்பா இருக்கும். கடைசியா சின்ன ஸ்ப்ராக்கெட் லாக் பிளேட்டோட ரெண்டு போல்ட். எல்லாம் லூஸ் ஆச்சுன்னா செயின் லாக்கை எடுத்து செயினை உருவிடலாம்.

ஆயில் பில்டர் ரோட்டர் பத்தி ஒரு வார்த்தை. இந்த இன்ஜின்ல பேப்பர் பில்டர் கிடையாது, கிராங்க் கூடவே சுத்தற ஒரு கிண்ணம்தான் பில்டர், சுத்தற வேகத்துல அழுக்கு ஓரத்துல போய் ஒட்டிக்கும். மூடியை திறந்தா விளிம்புல கருப்பு களி மாதிரி அப்பி இருக்கும். வழக்கமான சர்வீஸ்ல இதை யாரும் திறக்கறது இல்ல, இப்போ திறந்திருக்கும்போது சுரண்டி டீசல்ல கழுவிடுங்க.

மேக்னெட்டை புல்லர் போட்டு மட்டும்தான் எடுக்கணும். கிராங்க் முனைல சுத்தியலால ஒரே ஒரு அடி அடிச்சாலும் கிராங்க் அலைன்மென்ட் போயிடும், அப்புறம் வண்டி ஓடும்போது கால்ல நடுங்கறது போகவே போகாது. மேக்னெட் வந்ததும் ஷாஃப்ட்ல இருக்கற சின்ன அரை வட்ட கீயை எடுத்து பத்திரப்படுத்துங்க.

இன்ஜின் அடியில கட்டையோ செங்கல்லோ அண்டைக் கொடுத்துட்டு, இன்ஜினை பிரேம்ல பிடிச்சிருக்கற பவுண்டேஷன் போல்டை உருவுங்க, முன்னாடி பிளேட் முதல்ல, பின்னாடி நீள போல்ட் கடைசியா. ரெண்டு பேரா எறக்கறதுதான் நல்லது. இன்ஜின் போனதும் வண்டியோட பேலன்ஸ் மாறிடும், பிரேமுக்கு அடியிலயும் ஒரு கட்டை வச்சிடுங்க.

மேஜைல வச்சதும் ஹெட். மேக்னெட்டை அந்த கீயோட கையால லேசா மாட்டி சுத்தி அதுல இருக்கற "டி" மார்க்கை அதுக்கான குறிக்கு நேரா கொண்டு வாங்க, கேம் ஸ்ப்ராக்கெட்ல இருக்கற "ஓ" மார்க்கும் ஹெட்ல இருக்கற கோட்டுக்கு நேரா வரணும், வரலைன்னா இன்னொரு சுத்து. அந்த நிலைல ஒரு போட்டோ. டைமிங் செயின் டென்ஷனரை லூஸ் பண்ணி, ஸ்ப்ராக்கெட் கழட்டி, ஹெட் நட்டை குறுக்கு வாட்டத்துல கால் சுத்து கால் சுத்தா லூஸ் பண்ணுங்க. தொப்பி நட்டு எந்த ஸ்டட்ல இருந்துச்சு, செம்பு வாஷர் எதுல இருந்துச்சுன்னு கட்டாயம் குறிச்சு வைங்க, ஒரு ஸ்டட் வழியா ஆயில் மேல போகுது, அங்க வாஷர் மாறிப் போச்சுன்னா ஆயில் கசியும். சிலிண்டர் வந்ததும் கிராங்க் கேஸ் வாய்ல சுத்தமான துணியை அடைச்சுட்டு அப்புறம் பிஸ்டன் லாக்கை எடுங்க, லாக் தெறிச்சு உள்ள விழறது ரொம்ப சகஜம்.

கிளட்ச்சை உருவினா அதுக்குப் பின்னாடி கியர் ஷிஃப்ட் ஆர்மும் டிரம் ஸ்டாப்பரும் தெரியும், ஸ்பிரிங் எந்த ஊக்குல மாட்டி இருக்குன்னு போட்டோ எடுத்துட்டு கழட்டுங்க. நியூட்ரல் ஸ்விட்சையும் மறக்காதீங்க. கேஸ் போல்ட் எல்லாம் எடுத்தாச்சா, ரெண்டு பக்கமும் ஒரு தடவை விரலால தடவி பாருங்க, ஏதாவது ஒரு போல்ட் அழுக்குல மறைஞ்சிருக்கும். அப்புறம் ரப்பர் சுத்தியலால சுத்தி சுத்தி தட்டினா பேக்கிங் விட்டு தானா பிரியும். ஸ்க்ரூ டிரைவரை நடுவுல விட்டு நெம்பவே நெம்பாதீங்க, அலுமினியத்துல விழற அந்த ஒரு கீறல் ஆயுசுக்கும் ஆயில் கசியும்.

கேஸ் பிரிஞ்சதும் ரெண்டு ஷாஃப்டும், கியரை நகர்த்தற போர்க்கும், அந்த போர்க்கை அசைக்கற காடி வெட்டின ஷிஃப்ட் டிரம்மும் ஒரு பாதியில நிக்கும். எதையும் தொடாம நாலு பக்கமும் போட்டோ. அப்புறம் ரெண்டு ஷாஃப்டையும் போர்க்கையும் சேர்த்து ஒரே பிடியா மேல தூக்குங்க. கியரை ஷாஃப்ட்ல இருந்து உருவும்போது வர்ற வரிசைலயே ஒரு கம்பிலயோ கயித்துலயோ கோத்துடுங்க, வாஷர், சர்க்கிளிப் உட்பட.

இப்போதான் இந்த வேலையோட உயிரே இருக்கு, நிதானமா பாருங்க. கியர் பக்கவாட்டுல கட்டை மாதிரி நீட்டிட்டு இருக்கும், அதுக்குப் பேரு டாக். அது பக்கத்து கியர்ல இருக்கற குழிக்குள்ள போய் பூட்டறதுதான் கியர் விழறது. புது டாக்கோட ஓரம் நேரா, உள் பக்கமா லேசா சரிஞ்ச மாதிரி வெட்டியிருக்கும், லோடு விழ விழ ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இழுத்து இறுக்கிக்கும். தேஞ்ச டாக்ல அந்த ஓரம் உருண்டு பளபளன்னு இருக்கும், லோடு விழுந்தா இறுக்கறதுக்கு பதிலா தள்ளி விட்டுடும், நீங்க ரோட்ல கேட்ட "டக்" அதுதான். ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சு நகத்தால ஓரத்தை கீறி பாருங்க, நகம் தடுக்கினா நல்லா இருக்கு, வழுக்கிட்டு போனா போச்சு. ஒரு கியர்ல டாக் தேஞ்சிருந்தா அது போய் பூட்டற ஜோடி கியரும் தேஞ்சிருக்கும், ரெண்டையும் சேர்த்துதான் மாத்தணும், ஒண்ணு மட்டும் புதுசு போட்டா சீக்கிரமே பழையபடி கழள ஆரம்பிக்கும்.

அடுத்தது போர்க். அதோட ரெண்டு விரல் நுனியும் ஒரே அளவு தேஞ்சிருக்கணும், ஒரு பக்கம் மட்டும் தேஞ்சோ நீலம் பாஞ்சோ இருந்தா போர்க் வளைஞ்சிருக்கு. வளைஞ்ச போர்க்கை தட்டி நிமித்தி போடற பழக்கம் இருக்கு, தயவு செஞ்சு வேணாம், கியர் தேயறதுக்கே பாதி காரணம் அந்த போர்க்தான். டிரம் காடியோட ஓரமும் பாத்துக்கோங்க. புதுப்பேட்டைல பழைய கியர் செட் கம்மி விலைல கிடைக்கும், கியர் மட்டும் அங்க வாங்காதீங்க, வேற வண்டில வேற ஜோடியோட தேஞ்சது உங்க கியரோட சேராது.

பேரிங்கை டீசல்ல கழுவி காயவச்சு விரலால மெதுவா சுத்துங்க, மணல் மாதிரி நறநறன்னா மாத்திடுங்க. மாத்தறதுக்கு கேஸை சுமார் 100 டிகிரிக்கு சூடு பண்ணணும், ஒரு சொட்டு தண்ணி விட்டா "சுர்"னு ஆவியாகணும், அந்த சூட்டுல பழைய பேரிங் லேசா தட்டினாலே விழும், புதுசை ப்ரீசர்ல வச்சு எடுத்து போட்டா கைலயே உக்காரும். கனெக்டிங் ராடை பிடிச்சு மேல கீழ இழுத்துப் பாருங்க, துளி ஆட்டம் கூட இருக்கக்கூடாது, பக்கவாட்டுல கொஞ்சம் ஆடலாம். மேல கீழ ஆடுச்சுன்னா கிராங்கை லேத்துக்கு அனுப்புங்க, கிராங்க் பின்னை பிரஸ் பண்றது வீட்ல செய்யற வேலை இல்ல. ஆயில் சீல் எல்லாத்தையும் யோசிக்காம மாத்திடுங்க.

கேஸே உடைஞ்சு வேற கேஸ் போடற நிலை வந்தா ரெண்டு பாதியும் ஒரே செட்டா வாங்கணும், ரெண்டையும் சேர்த்து வச்சுதான் பேரிங் ஓட்டை கடைஞ்சிருப்பாங்க. இன்ஜின் நம்பரும் கேஸ்லதான் இருக்கு, அது மாறினா ஆர்டிஓல சொல்லி ஆர்சில மாத்தணும், பழைய கேஸ் வாங்கும்போது பில், பேப்பர் இல்லாம வாங்காதீங்க.

மாட்டும்போது பழைய பேக்கிங்கை பிளேடால படுக்க வச்சு சுரண்டி மொழுமொழுன்னு ஆக்குங்க. ஒவ்வொரு கியர்லயும் ஆயில் விட்டு, புது சர்க்கிளிப் போட்டு, கோத்து வச்ச வரிசைலயே ஏத்துங்க. சர்க்கிளிப்புக்கு ஒரு பக்கம் உருண்டையாவும் ஒரு பக்கம் கூர்மையாவும் இருக்கும், கியர் தள்ளற பக்கம் உருண்டை, எதிர்ப்பக்கம் கூர்மை. அனபாண்ட் (பேக்கிங் பசை) தடவறவங்க மெலிசா தடவுங்க, பிதுங்கி உள்ள போனா ஆயில் ஓட்டையை அடைச்சிடும். கேஸ் பாதிகளை நேரா பொருத்தற டவல் பின் ரெண்டும் இருக்கான்னு பாத்துட்டு மேல் பாதியை இறக்குங்க. கையால அழுத்தி, ரப்பர் சுத்தியல்ல லேசா தட்டினாலே கடைசி வரைக்கும் மூடணும். நூல் அளவு இடைவெளி நின்னாலும் போல்ட் போட்டு இழுத்து மூடாதீங்க, ஏதோ ஒரு வாஷர் நகர்ந்திருக்கு இல்ல கிக்கர் ஷாஃப்ட் சரியா உக்காரல, மறுபடி திறந்து பாருங்க. நடுவுல இருந்து வெளிய குறுக்கு வாட்டத்துல முறுக்குங்க, 6 மி.மீ. போல்டுக்கு சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். சிலிண்டர் உக்கார்ற இடத்துல நீட்டிட்டு இருக்கற பேக்கிங்கை பிளேடால சமமா வெட்டிடுங்க.

அப்புறம் மேல எதையும் மாட்டறதுக்கு முன்னாடி ஷிஃப்ட் ஆர்ம், ஸ்டாப்பரை மட்டும் போட்டு, ஷாஃப்டை கையால சுத்திக்கிட்டே ஒண்ணு ரெண்டு மூணு நாலு, திரும்ப நியூட்ரல்னு போட்டுப் பாருங்க. சுத்தாம போட்டா நல்ல கியர் கூட விழாது, பயந்துடாதீங்க. இங்க நாலும் சுத்தமா விழலைன்னா வண்டில ஏத்தினாலும் விழாது.

பிஸ்டன் தலைல இருக்கற "ஐஎன்" மார்க் கார்புரேட்டர் பக்கம். ரிங் வாய் மூணும் ஒரே நேர்கோட்டுல வரக்கூடாது. டைமிங் மார்க் ரெண்டும் சேர்ந்ததும் டென்ஷனர் போட்டு, மேக்னெட்டை கையால ரெண்டு முழு சுத்து சுத்திட்டு மறுபடி மார்க்கை பாருங்க, எங்கயாவது முட்டினா அங்கயே நிறுத்துங்க. கிளட்ச் பிளேட் புதுசுன்னா ஆயில்ல ஊற வச்சு போடுங்க. பிரேம்ல ஏத்தும்போது எல்லா பவுண்டேஷன் போல்டையும் லூசா நுழைச்சுட்டு கடைசியா முறுக்குங்க. டைட்டான நட்டுகளுக்கு அதே டாப் கியர், பின் பிரேக் வித்தைதான்.

செயினை பழசே போடலாமான்னு அளந்து பாருங்க. இது 428 செயின், ஒரு லிங்க் 12.7 மி.மீ., அதனால இழுத்துப் பிடிச்சு 20 லிங்க் அளந்தா 254 மி.மீ. வரணும், 259 தாண்டிச்சுன்னா செயின், ரெண்டு ஸ்ப்ராக்கெட் மூணையும் செட்டா மாத்துங்க. செயின் லாக்கோட மூடின பக்கம் செயின் ஓடற திசையைப் பாக்கணும். நடுவுல மேல கீழ ஆட்டினா சுமார் 25 மி.மீ. ஆட்டம், வீலை சுத்தி எங்க ரொம்ப டைட்டோ அங்க வச்சு பாருங்க.

ஆயில் 10டபிள்யூ30, டப்பால ஜாசோ எம்ஏன்னு (ஆயில்ல ஓடற பைக் கிளட்ச்சுக்கு ஏத்ததுன்னு சொல்ற தரக் குறி) போட்டிருக்கணும். கார் ஆயில் வேணாம், சிலதுல உராய்வைக் குறைக்கற கெமிக்கல் இருக்கும், இங்க கிளட்ச் அதே ஆயில்லதான் ஓடுது, ஸ்லிப் ஆகும். முழுசா பிரிச்ச இன்ஜினுக்கு வழக்கமான அளவை விட கொஞ்சம் அதிகமா பிடிக்கும், டிப் ஸ்டிக்கை முறுக்காம சும்மா வச்சு எடுத்து அளவு பாருங்க. பிளக்கை கழட்டிட்டு, ஒயரோட பிளக்கை ஹெட்ல படற மாதிரி வச்சு, கொஞ்ச நேரம் கிக்கர் அடிங்க, டேப்பெட் மூடியை திறந்து பாத்தா வால்வை அமுக்கற ராக்கர் பக்கம் ஆயில் நனைஞ்சு வரணும். அது வந்த அப்புறம்தான் ஸ்டார்ட். சில நிமிஷம் ஐடில்ல விட்டு கசிவு பாருங்க, ஆற விட்டு மறுபடி ஆயில் அளவு பாருங்க. முதல் நாள் பக்கத்து தெருவுலயே ஓட்டுங்க, ஒவ்வொரு கியர்லயும் ஏத்தி இறக்கி, முக்கியமா கழண்ட அந்த மூணாவது கியர்ல நல்லா லோடு கொடுத்து. 500 கி.மீ. வந்ததும் ஆயிலை வடிச்சு புதுசு ஊத்துங்க, பவுண்டேஷன் போல்ட், சைலன்சர் நட்டு, செயின் மூணையும் அன்னைக்கே ஒரு தடவை டைட் பாத்துடுங்க. வடிச்ச பழைய ஆயிலை சாக்கடைல ஊத்தாம கேன்ல பிடிச்சு ஒர்க்‌ஷாப்ல கொடுத்துடுங்க, பழைய ஆயில் எடுக்கறவங்க அங்க வருவாங்க.